நேர்ந்தது மாரியாயி, ஊற்றியது ஞானப்பூ

ஞானப்பூ அம்மாள் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒன்பது வருஷம் வேதம் சொன்னாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் சொல்கேட்டு ஞானஸ்நானம் வாங்கியவர்கள் நாலே பேர். அந்த நாலில் ஒருவன், கிறிஸ்துமஸுக்குச் சபையில் சட்டைத்துணி கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவன். துணியும் இல்லை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், அடுத்த தைப்பூசத்துக்குத் தோளில் காவடியோடு பத்துமலைக்குப் போய்விட்டான். ஆக, மனசாட்சியோடு சொன்னால் மூன்று பேர்.

இதை வைத்து அவளைக் கையாலாகாதவள் என்று யாராவது நினைத்தால், அவர்களை ஒரே ஒரு நாள் அவளோடு நடக்கவிட்டிருக்க வேண்டும். கறுப்புக் குடை, தோளில் கான்வாஸ் பை, பைக்குள் சுருட்டி வைத்த வண்ணப் படங்கள், காய்ச்சலுக்கு ஒரு புட்டி கொய்னா மாத்திரை. கிள்ளானிலிருந்து காப்பார் போகிற சடக்கில் ஆறு கட்டை, அதாவது ஆறு மைல் நடந்து, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்குள் நுழைந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கூலிக்காரர் வரிசைவீடுகளான லயங்களில் பெண்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். மழை பெய்தால் நனைந்துகொண்டு கேட்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சபையில் அந்த உத்தியோகத்துக்கு வேதாகம ஸ்திரீ என்று பெயர். தோட்டத்துச் சனங்களுக்கு அவள் வேதக்காரம்மா. புருஷன் ஈசாக்கு கோலாலம்பூர் ரயில் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அவர் காய்ச்சலில் போனபோது அவளுக்கு வயது முப்பத்தைந்து, பிள்ளை குட்டி கிடையாது. கப்பலேறித் திருநெல்வேலிக்குத் திரும்பி, அண்ணன் வீட்டு அடுப்படியில் மிச்ச ஆயுளைக் கழிப்பதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நாளில், பிரிக்பீல்ட்ஸ் சபையை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா வந்து, "உமக்கு எழுதப் படிக்கத் தெரியும். நடக்கவும் தெரியும். கிள்ளானுக்குப் போகிறீரா?" என்று கேட்டார். அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். மூன்று வருஷம் வேதாகமப் பள்ளியில் படிப்பு, அதற்குப் பிறகு கிள்ளான்.

மிசியம்மா பேசும் தமிழ் அப்படித்தான் இருக்கும். முப்பது வருஷமாகப் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற தமிழ். பாசாரில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட, "இதின் விலை யாது?" என்பார். கடைக்காரன் பயந்துபோய்ப் பாதி விலை சொல்லுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஞானப்பூவுக்கு மாற்றல் வந்தது. பேராக்கில், தெலுக் ஆன்சனில், சபை நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதிக்கு அவள் தலைவியாகப் போக வேண்டும். திங்கட்கிழமை காலை ரயில். ஞாயிறு மாலை பிரிக்பீல்ட்ஸ் சபைக் கோயிலில் வழியனுப்புக் கூட்டம். மத்தியானம் மூன்று மணிக்கு மிசியம்மாவே மோட்டார் காடியில் கிள்ளான் வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. நாற்பத்தேழு வயதில் அட்டைக்கடி இல்லாத உத்தியோகம். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் போய் விடைபெற்றவளுக்கு, ஒவ்வொரு லயத்தைவிட்டுக் கிளம்பவும் நேரமாயிற்று.

வெள்ளிக்கிழமை ஆறாங்கட்டைத் தோட்டம். அவள் மனசுக்கு மிக நெருங்கிய தோட்டம் அதுதான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில், தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் அங்கே பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். ஒருத்தி முறுக்கு, ஒருத்தி ஊறுகாய், ஒருத்தி தன் கையால் பின்னிய பாய். மாரியாயி மட்டும் வரவில்லை.

மாரியாயி பால்மரம் வெட்டுகிறவள். இருபத்தாறு வயது. எழுத்துப் படித்ததில் அவள்தான் கெட்டிக்காரி. கதை கேட்பதிலும் அவள்தான் முதல் ஆள். ஞானப்பூ படத்தை விரிக்கும் முன்பே, "இந்தம்மா யாரு? எதுக்கு அழுவுறா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வராமல் இருப்பாளா? ஞானப்பூ தேடிக்கொண்டு போனாள். கொட்டகைக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாரியாயி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு.

"என்னடி இது? நான் என்ன செத்தா போறேன்? தெலுக் ஆன்சனுக்குத்தானே போறேன்" என்றாள் ஞானப்பூ.

மாரியாயி சடாரென்று நிமிர்ந்தாள். "அப்படிச் சொல்லாதீங்கம்மா! வாயக் கழுவுங்க!"

பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசியில், ஞானப்பூ காட்டுக்காய்ச்சல் கண்டு கிள்ளான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். மூன்று நாள். பிழைக்கமாட்டாள் என்றே பேச்சு. செய்தி தோட்டத்துக்கு வந்த அன்றைக்கு மாரியாயி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். 'ஆத்தா, அந்தம்மா பொழச்சு எந்திரிச்சா, ஒன் ஆடிக் கூழ அந்தம்மா கையாலயே ஊத்த வைக்கிறேன்' என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

"என்ன காரியம் பண்ணினே!" என்று ஞானப்பூ அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்காக நேர்றதுன்னா உன் கையால செய்யுற மாதிரி ஏதாச்சும் நேர்ந்திருக்கக் கூடாதா? என்னை எதுக்கு இழுத்தே?"

"எனக்கு என்னம்மா தெரியும்? நீங்கதானே கதை சொன்னீங்க? பிள்ளையில்லாத ஒருத்தி கோயில்ல போயி அழுது அழுது நேந்துக்கிட்டா, சாமி கேட்டுச்சு, அவளும் சொன்ன சொல்லு தப்பாம கொண்டாந்து செலுத்திட்டான்னு? அவ சின்னதா ஒண்ணும் நேரலையே? பெத்த பிள்ளையவே குடுக்கிறேன்னுல்ல நேந்தா? அதான் நானும் கெட்டியா ஒண்ணு நேந்தேன்."

அந்தக் கதையை இந்தத் தோட்டத்தில் ஞானப்பூ எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! உருக்கமாகச் சொன்னால் ஒருத்தியாவது சபைப் பக்கம் திரும்புவாள் என்றுதான் சொன்னாள். உருக்கம் வேலை செய்துவிட்டது. திரும்பிய பக்கம்தான் வேறு.

"அப்ப ஏன் இத்தனை நாள் என்கிட்டே சொல்லலே?"

"எப்படிச் சொல்றது? நீங்க சுண்டலுகூட வாங்கித் திங்கமாட்டீங்க. ரெண்டு ஆடி போயிருச்சு. ஒவ்வொரு ஆடியும் அடுத்த ஆடிக்குக் கேட்டுக்குவோம்னு இருந்தேன். இப்ப நீங்க ஊரவிட்டே போறீங்க." அவள் குரல் உடைந்தது. "நேந்தத செய்யாம விட்டா ஆத்தா சும்மா விடுமா?"

ஞானப்பூவின் பார்வை தானாக அவள் வயிற்றில் போய் நின்றது. போன வருஷம் பிறந்த ஆண்பிள்ளை எட்டு நாள்தான் இருந்தது. அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தவளே ஞானப்பூதான்.

"சரி, நான் ஜெபம் பண்றேன். நீ நேர்ந்ததை நீக்கிடும்படி ஆண்டவர்கிட்டே கேட்கிறேன்."

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பாவமாகப் பார்த்தாள். "நீங்க நீக்கிறதுக்கு, நான் நேந்தது ஒங்க சாமிகிட்டயா?"

வேதாகமப் பள்ளியில் மூன்று வருஷம் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கிறவர் கங்காணி தம்புசாமி. மீசைக்காரர், கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காதைக் குடைந்தார். "ஞாயித்துக்கிழமைதாம்மா கூழு. இந்தப் புள்ள இப்படி நேந்து வச்சிருக்கிறது எங்களுக்கே தெரியாது. நான் ஒங்கள வான்னும் சொல்லமாட்டேன், வராதேன்னும் சொல்லமாட்டேன். ஒங்க சாமி வேற, ஒங்க சட்டம் வேற." போகிறபோது மட்டும் திரும்பி, "மாசமா இருக்கிற புள்ள. மூணு நாளா ஒழுங்கா சோறு திங்கலேங்கிறான் அவ புருஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வான்னு சொல்லமாட்டாராம்!

சட்டம் வேறு என்று அவர் சொன்னது உண்மை. கோயில் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. படைத்த பண்டத்தைத் தொடக் கூடாது. வேதாகம ஸ்திரீகள் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற விதி அது. மீறினால் வேலை போகும். தெலுக் ஆன்சன் விடுதியும் போகும். அறுபது பெண்பிள்ளைகளுக்குத் தலைவியாகப் போகிறவள், கிளம்புகிறதற்கு முந்தின நாள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாள் என்றால் சபை சும்மா இருக்குமா? கிள்ளானில் தும்மினால் பிரிக்பீல்ட்ஸ் சபையில் காதில் விழும்.

சனிக்கிழமை முழுக்க அவள் பெட்டி கட்டினாள். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினாள். முழங்காலில் நின்று கேட்டாள். பதில் ஒன்றும் வரவில்லை. மறுபடி பெட்டியைத் திறந்தபோது, துணிக்கடியில் ஒரு சின்னப் பித்தளைத் தூக்கு இருந்தது. ஆறாங்கட்டைக்குத் திருப்பிக் கொடுக்க மறந்தது.

அந்தத் தூக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் வருஷம் தோட்டத்துத் திருவிழாவில் பொங்கல் கொடுத்தபோது ஞானப்பூ கைகூப்பி வேண்டாம் என்றுவிட்டாள். படைத்ததை நான் சாப்பிடுவதில்லை என்று காரணமும் சொன்னாள். வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் கோபிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து, பானை பொங்கியதும் சாமிக்குக் காட்டும் முன்பே முதல் கரண்டியை எடுத்து அந்தத் தூக்கில் போட்டு மூடி, கோயிலைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். "இது வேதக்காரம்மாவுக்கு. படைக்காதது." ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தங்கள் சாமிக்கு முன்னால் அவளுக்கு எடுத்துவைத்தார்கள். அது எப்பேர்ப்பட்ட மரியாதை என்பது அந்தச் சனிக்கிழமைதான் அவளுக்கு உறைத்தது.

'எட்டு வருஷமாக என் சாமிக்கு இவர்கள் இடம் விட்டார்கள். நான் என்ன விட்டுக்கொடுத்தேன்?' என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஜெபம் பண்ணவில்லை. தூங்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் ஆறு கட்டை நடந்தாள். கூழ் பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பி நடந்தால் மூன்று மணிக்கு மிசியம்மா வரும்போது குளித்துத் தயாராக இருக்கலாம். ஒன்பது வருஷம் தோட்டத்தில் புழங்கியவளுக்கு இந்தக் கணிப்பு வரலாமா? பன்னிரண்டு மணிக் கூழ் என்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஊற்றியிருக்கிறார்கள்? பம்பைக்காரன் காஜாங்கிலிருந்து வர வேண்டும், வரவில்லை. வந்தான், பம்பையின் தோல் மழையில் நனைந்திருந்தது, தீயில் வாட்ட வேண்டும். பிறகு ஒருத்திக்கு அருள் வந்து, அம்மன் மலையேறவே மாட்டேன் என்று பிடிவாதம். படையல் முடிந்தபோது மணி இரண்டேமுக்கால்.

மாரியாயி மஞ்சள் சேலையோடு அவள் முன்னால் வந்து நின்றாள். வாய்திறந்து கூப்பிடக்கூடத் தைரியமில்லை. ஞானப்பூவே எழுந்தாள். குடையை மடக்கி மரத்தடியில் சாத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாமிக்கு முன்னால் போய் நிற்கவில்லை, கும்பிடவில்லை. பந்தலில் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தம்புசாமி சிரட்டை அகப்பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

லயம் மொத்தமும் குவளையை நீட்ட மறந்து பார்த்தது. அப்புறம் ஒரு கிழவர், "ஊத்துங்கம்மா, பசிக்குது" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. அவள் ஊற்றினாள். செம்பு, கிண்ணம், தகரக்குவளை, மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தவர்கள்கூட உண்டு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றினாள். இவன் கைப்புண்ணுக்கு அவள் கட்டுப்போட்டாள். இவளுக்கு 'அ' எழுத மூன்று மாதம் பிடித்தது. இந்தக் கிழவர் அவளிடம் கொய்னா மாத்திரை வாங்கி வாங்கிக் கோழிக்குப் போட்டவர். பிரிக்பீல்ட்ஸில் ஏற்பாடு செய்திருக்கிற எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் விடாமல் விடைபெற முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மனசு நிறைந்து வழிந்தது.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. கிள்ளானில் அவளைக் காணாமல், கேட்டு விசாரித்து, மிசியம்மா இங்கேயே வந்துவிட்டார். வெள்ளைக் கவுனும் தொப்பியுமாகக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். வேப்பிலைத் தோரணத்தைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். ஞானப்பூ கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார்.

"ஞானப்பூ, நீர் இங்கே செய்கிறது என்ன?"

ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை, தப்பித்தும் இருக்கலாம். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எதிரே மாரியாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"மிசியம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்தப் பொண்ணு இந்தக் கோயில்ல நேர்ந்துக்கிட்டா. நான் பிழைச்சா என் கையால கூழ் ஊத்தணும்னு. நான் பிழைச்சுட்டேன். அதான் ஊத்துறேன். இது படைச்ச கூழ். விதி எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செய்றேன்."

மிசியம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நரைத்த தலை வியர்வையில் நனைந்திருந்தது.

"அந்த மூன்று நாளும் நான் உம்முடைய கட்டிலண்டையில் முழங்காலில் நின்றேன்" என்றார். "உமக்காக மன்றாடுகிறவள் நான் ஒருத்தியே என்று எண்ணினேன். இதுவரைக்கும் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்."

மாரியாயிக்கு அந்தத் தமிழில் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவள் மிசியம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரே வேலையைச் செய்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது அது.

"சபைக் கமிட்டிக்கு நீரே எழுதும். உள்ளதை உள்ளபடி எழுதும்" என்றார் மிசியம்மா. "கீழே நானும் கையெழுத்திடுவேன். காலை ரயிலுக்குப் பிந்தாதேயும்." சொல்லிவிட்டு, யாரோ கொண்டுவந்து போட்ட முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். வரிசை இன்னும் நீளமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

எல்லாருக்கும் ஊற்றி முடிந்த பிறகு மாரியாயி தன் குவளையை நீட்டினாள். நேர்ந்தவளுக்குக் கடைசிக் கூழ். ஞானப்பூ அண்டாவைச் சாய்த்து வழித்து, அடியில் இருந்த கெட்டிக் கூழை எல்லாம் அவளுக்கு ஊற்றினாள். மாரியாயி நின்றபடியே, ஒரே மூச்சில் குடித்தாள். ஐந்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவள் அல்லவா?

"இனிமே பயப்படாதே. உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் ஞானப்பூ.

மாரியாயி குவளையை இறக்கினாள். அவளுக்குப் புரியவில்லை.

"பிள்ளைக்கா? பிள்ளைக்கு என்னம்மா? நான் பயந்ததே ஒங்களுக்காகத்தானேம்மா! ஒங்க உசுரு ஆத்தா குடுத்ததும்மா. நேந்தத செய்யாம நீங்க பாட்டுக்கு ஊரு விட்டு ஊரு போயி, அங்க ஆத்தா திருப்பிக் கேட்டுட்டா, அங்க ஒங்களுக்காக ஓடிப் போயி அழ யாரு இருக்கா?"

வாயோரத்துக் கூழைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி சொன்னாள். "இப்ப போங்கம்மா. இனி நிம்மதியா போங்க."

ஈசாக்கு செத்த அன்றைக்குப் பிறகு ஞானப்பூ யார் முன்னாலும் அழுததில்லை. அன்றைக்கு அழுதாள். தனக்கென்று இந்த மண்ணில் யாரும் இல்லை என்று எண்ணிப் பன்னிரண்டு வருஷம் நடந்தவள், அகப்பையைக் கீழே வைக்கக்கூட மறந்து, அத்தனை பேர் முன்னாலும் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.